பார்ப்பதற்கும் கூலி உண்டு

கல்லிடைக்குறிச்சியில் என் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி, மூன்று தலைமுறைகளாக அப்பளம் இட்டு வெளியூர்களுக்கு அனுப்பிவரும் குடும்பம் ஒன்று இருக்கிறது. உளுந்து மாவும் பெருங்காயமும் பிரண்டைச் சாறும் சேர்ந்து எழுப்பும் மணம் விடியற்காலையிலேயே தெருவில் பரவிவிடும். தாமிரபரணித் தண்ணீரில் பிசைந்தால்தான் அந்த ருசி கைகூடும் என்பது எங்கள் ஊராரின் அசையாத நம்பிக்கை. அந்த வீட்டு ரேழியில், மாவு மூட்டைகளுக்கும் அட்டைப்பெட்டிகளுக்கும் நடுவே, ஒரு மேஜைக் கணிப்பொறி ஆறேழு வருஷங்களாக ஊழியம் செய்துவருகிறது. மும்பைக்கும் பெங்களூருக்கும் போகிற பார்சல்களுக்கு விலாசச் சீட்டு அச்சிடுவதும், ஜிஎஸ்டி கணக்கைப் பதிவு செய்வதும், சாயங்காலமானால் பேரனின் பாடங்களுக்கு உதவுவதும் அதன் நித்திய கடமைகள்.

சென்ற சித்திரை மாதத்தில் அந்த யந்திரம் தினந்தோறும் பத்தரை மணி வாக்கில் தானாகவே அணைந்துபோகத் தொடங்கியது. "தொட்டா சூடு கொதிக்கறது வாத்தியார் சார், பாதி பில்லு அடிக்கறதுக்குள்ள அணைஞ்சு போயிடறது" என்று வீட்டு மாமி என்னிடம் வந்து சொன்னபோது, அதற்கு முன்பே மூன்று வைத்தியங்கள் நடந்து முடிந்திருந்தன. முதலில் வந்தவர் ஃபார்மேட் செய்தார்; ஒரு வாரம் கழித்து வந்தவரும் ஃபார்மேட் செய்தார்; மூன்றாமவர் மதர்போர்டு போய்விட்டது, இனி இதற்குப் பணம் செலவழிப்பதைக் காட்டிலும் புதிதாக வாங்குவதே உத்தமம் என்று சொல்லிப் போய்விட்டார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் போதித்தவன் என்ற ஒரே தகுதியைப் பற்றிக்கொண்டு நான் மாமியிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: வந்த மூவரில் எவராவது, எத்தனை டிகிரி சூடு இருக்கிறது என்று பார்த்துச் சொன்னார்களா? ஒருவரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஜுரம் என்று போனால் நாடி பிடித்தோ கருவி வைத்தோ பார்த்த பிறகே மருந்து எழுதும் வைத்தியரிடம் பழகிய நாம், கணிப்பொறி விஷயத்தில் மட்டும் சூட்டை அளக்காமலே மருந்தை விலைக்கு வாங்கச் சம்மதிக்கிறோம். நம் பேச்சு வழக்கிலேயே இதற்கான குழப்பம் ஒன்று குடிகொண்டிருக்கிறது. மேஜைக்கு அடியில் நிற்கும் பெட்டி முழுவதையும் நாம் 'சிபியு' என்றே அழைக்கிறோம். உண்மையில் அந்தப் பெயருக்கு உரியது பெட்டிக்குள், மதர்போர்டின்மேல், ஒரு விசிறிக்குக் கீழே மறைந்திருக்கும் ப்ராசஸர் என்னும் சிறு சில்லு ஒன்றே. ஆகவே 'சிபியு சூடாகிறது' என்று வீட்டுக்காரர் சொல்வது பெட்டியையா சில்லையா என்பது சொல்பவருக்கும் தெளிவில்லை, கேட்பவருக்கும் தெளிவில்லை. அந்தத் தெளிவின்மையிலேதான் பழுதில்லாத மதர்போர்டுகள் குப்பைக்குப் போகின்றன.

அந்தச் சில்லு ஏன் சுடுகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது அவசியம். சில்லுக்குள் போகும் மின்சக்தி எத்தனை கணக்குகளைப் போட்டாலும், எத்தனை எழுத்துகளைத் திரைக்கு அனுப்பினாலும், கடைசியில் ஏறக்குறைய முழுவதும் உஷ்ணமாகவே வெளிவந்தாக வேண்டும் என்பது இயற்கையின் விதி. வீடுகளிலும் கடைகளிலும் இருக்கும் சாதாரண ப்ராசஸர் ஒன்று முழு வேலையில் இருக்கும்போது 65 வாட் அளவுக்கு மின்சக்தியைச் செலவிடுகிறது. கேட்பதற்கு இது ஒரு பழைய குண்டு பல்பின் அளவுதான். ஆனால் அது பிறக்கும் இடமோ கட்டைவிரல் நகத்தளவு, ஒன்றரைச் சதுர சென்டிமீட்டர். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தகடு சுமார் இருநூறு சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், அதில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட்தான் வருகிறது. சில்லிலோ 40 வாட்டைத் தாண்டுகிறது. வேட்டியின் சுருக்கத்தை நீக்கும் தகட்டைவிட எட்டு மடங்கு செறிவான உஷ்ணம், ஒரு நகத்தின் பரப்பில் இடைவிடாமல் ஊறிக்கொண்டிருக்கிறது என்று மனத்தில் வாங்கிக்கொண்டால், அதை வெளியேற்றும் வழி ஒரு நிமிஷம் அடைபட்டாலும் என்ன ஆகும் என்பது விளங்கும்.

இந்தச் சங்கடம் கணிப்பொறியோடு கூடவே பிறந்தது. மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் உருவாகி 1960-ல் இயங்கத் தொடங்கிய 'டிஃப்ராக்' என்னும் கணிப்பொறியில் சுமார் 2,700 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. உள்ளிருக்கும் இழையைச் சூடேற்றினால்தான் வேலை செய்யத் தொடங்கும் சாதனங்கள் அவை. 1971-ல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்ற முதல் ப்ராசஸர் சில்லில் 2,300 டிரான்சிஸ்டர்களே இருந்தமையால், அதைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு எதுவும் தேவைப்படவில்லை. அதன் பின்பு வேகம் ஏற ஏற உஷ்ணமும் ஏறி, 2004-ல் பென்டியம் 4 வகைச் சில்லுகள் நூறு வாட்டைத் தாண்டின. அதே ஆண்டில் அந்நிறுவனம் இன்னும் வேகமான சில்லு ஒன்றின் திட்டத்தையே கைவிட்டு, ஒரே சில்லில் இரண்டு மையங்களை அமைக்கும் மார்க்கத்துக்குத் திரும்பியது. அதற்கு உஷ்ணமே பிரதான காரணம். உலகத்தின் மிகப் பெரிய தொழிற்சாலைகளையே வழி மாற வைத்த ஒரு சக்தியை, நம் வீட்டு ரேழியில் நாம் ஒரு மாவுத் துணியால் மூடி வைத்திருக்கிறோம்.

உஷ்ணம் சில்லிலிருந்து புறப்பட்டு வீதிக்கு வந்து சேரும் பாதையை அறிந்தவனுக்குப் பழுது பார்ப்பது பாதி முடிந்த மாதிரி. சில்லின்மேல் ஓர் உலோக மூடி, அதன்மேல் தெர்மல் பேஸ்ட் என்னும் பசை, அதன்மேல் ஹீட் சிங்க் என்னும் அலுமினியச் செதில்களின் கூட்டம், சிலவற்றில் நடுவே ஒரு செம்புக் கட்டி, அதன்மேல் விசிறி, பிறகு பெட்டியின் காற்று, கடைசியாக அறையின் காற்று. செம்பு என்கிற தாமிரம் உஷ்ணத்தைக் கடத்தும் ஆற்றலைப் பௌதிகம் 400 என்று குறித்தால், அதே அளவுகோலில் அசையாத காற்றுக்கு 0.026-தான் கிடைக்கும், அதாவது பதினைந்தாயிரத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குச் சமதளமாகத் தெரியும் இரண்டு உலோகப் பரப்புகளுக்கும் இடையே நுட்பமான பள்ளங்கள் இருக்கின்றன. அந்தப் பள்ளங்களில் காற்று தங்கினால் அது கம்பளிபோல் உஷ்ணத்தைத் தடுத்துவிடும். அந்தக் காற்றை அப்புறப்படுத்தி இடத்தை நிரப்புவதற்காகவே பசை. தாமிரத்தைத் தன் பெயரிலேயே சுமந்து ஓடுகிற நதியின் கரையில் பிறந்தவன் ஆகையாலோ என்னவோ, இந்தக் கணக்கை வகுப்பில் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தனி உற்சாகம் உண்டாகும்.

இந்தப் பாதை அடைபட்டால் இன்றைய சில்லு உடனே எரிந்துபோவதில்லை. 2001-ல் ஒரு பரீட்சையில், ஓடிக்கொண்டிருந்த ஏஎம்டி அத்லான் சில்லின் ஹீட் சிங்கை அகற்றியவுடன் அது நொடிப்பொழுதில் புகைந்து அழிந்ததையும், பென்டியம் 4 தன் வேகத்தைத் தானே தாழ்த்திக்கொண்டு பிழைத்ததையும் உலகம் படமாகவே பார்த்தது. இப்போது எல்லாச் சில்லுகளுக்கும் அந்தத் தற்காப்பு உண்டு. பெரும்பாலான இன்டெல் சில்லுகள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது முதலில் நடையைத் தளர்த்துகின்றன. அப்போதும் சூடு அடங்காவிட்டால் மின்சாரத்தைத் துண்டித்துக்கொள்கின்றன. நடை தளர்கிற அந்த நிலையைத்தான் நாம் 'ஹேங் ஆகிறது' என்கிறோம். ஹேங் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் வந்தவர் ஃபார்மேட் செய்கிறார். ஃபார்மேட் ஆன புதிதில் யந்திரத்துக்கு வேலை குறைவாதலால் இரண்டு நாள் நன்றாகவே ஓடுகிறது. நோய் தீர்ந்தது என்ற மயக்கம் உண்டாகிறது. மறுபடி சூடு ஏறுகிறது. மாமியின் வீட்டில் இரண்டு முறை நடந்தது இதுவே.

நாங்கள் செய்தது மிகவும் எளிய காரியம். இரவு முழுவதும் அணைந்து குளிர்ந்திருந்த யந்திரத்தைக் காலை எட்டு மணிக்கு இயக்கி, டெலிட் விசையை அழுத்தி, விண்டோஸ் திறப்பதற்கு முன்னால் வரும் பயாஸ் திரையில் ப்ராசஸரின் உஷ்ணம் என்று எழுதியிருந்த எண்ணைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கவனித்தோம். எண் எந்த விதமாக ஏறுகிறது என்பதில்தான் ரகசியம் இருக்கிறது. இயக்கிய ஒன்றிரண்டு நிமிஷத்துக்குள்ளேயே தொண்ணூறைத் தொட்டுவிட்டால், சில்லுக்கும் ஹீட் சிங்குக்கும் தொடர்பு அறுந்திருக்கிறது அல்லது விசிறி நின்றிருக்கிறது என்று அனுமானிக்கலாம். மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் காற்றுக்கு வழியில்லை. பயாஸில் அடக்கமாக இருந்து, விண்டோஸ் திறந்த பிறகு மாத்திரம் ஏறினால், டாஸ்க் மேனேஜரைத் திறந்து எந்த நிரல் ப்ராசஸரை முழுவதும் பிடித்து வைத்திருக்கிறது என்று தேட வேண்டும்; திருட்டு மென்பொருளோடு ஒட்டி வந்த கிருமி நிரலாகவும் அது இருக்கலாம். உஷ்ணம் ஐம்பதிலேயே இருக்க யந்திரம் அணைகிறதென்றால் ப்ராசஸர் நிரபராதி. எஸ்எம்பிஎஸ் என்னும் மின்வழங்கியின் பக்கம் போக வேண்டும்.

எங்கள் எண் எட்டு நிமிஷத்தில் நாற்பதிலிருந்து எழுபத்தெட்டுக்கு நிதானமாக ஏறியது. அணைத்து, பிளக்கை உருவி, பக்கத்துத் தகட்டைக் கழற்றி, ஹீட் சிங்கை விரலால் தொட்டால் அதுவும் சுட்டது. சில்லின் உஷ்ணம் உலோகம் வரை வந்துவிட்டது, அதற்கு அப்பால்தான் அடைப்பு என்பது பிரத்யட்சம். மேலிருந்து பார்க்கும்போது விசிறியின் இறக்கைகள் ஓரளவு சுத்தமாகவே தெரிந்தன. முன்னால் வந்தவர்கள் ஏமாந்ததும் அங்கேதான் இருக்க வேண்டும். விசிறியைத் தனியே கழற்றிய பின்பே அதன் அடியில், செதில்களின் வாயை மூடிக்கொண்டு, கம்பளித் துண்டுபோல் படிந்திருந்த அடுக்கு வெளிப்பட்டது. அப்பளம் இடும்போது ஒட்டாமலிருக்கத் தூவுகிற மாவு, தெருப் புழுதியோடும் காற்றின் ஈரத்தோடும் சேர்ந்து வருஷக்கணக்கில் இறுகிப்போயிருந்தது. எங்கள் ஊர் வழியே ஓடும் கன்னடியன் கால்வாயைத் தூர் வாராமல் விட்டுவிட்டு, அணையில் தண்ணீர் இல்லை என்று அழுதால் எப்படி இருக்கும்? மதர்போர்டின்மேல் சுமத்தப்பட்ட பழியும் அதே மாதிரிதான். உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்து, புளோயரால் ஊதி அப்புறப்படுத்தினோம். ஊதும்போது விசிறியை விரலால் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அது தன் சக்திக்கு மீறிச் சுழன்று தேய்ந்துபோகும்.

மறுபடி இயக்கியபோது பயாஸில் எண் 52-ல் நின்றது. காரியம் முடிந்தது என்று நான் சொல்லியும்விட்டேன். அது அவசரமான தீர்ப்பு. திரையின் மூலையில் உஷ்ணத்தைக் காட்டும் சிறிய இலவச மென்பொருள் ஒன்றைப் பேரன் நிறுவித் தந்திருந்தான். பில் அச்சிடத் தொடங்கிக் கால் மணி நேரத்தில் அது 91 என்று காட்டியது. மறுபடி அணைத்துத் தொட்டுப் பார்த்தால், இம்முறை ஹீட் சிங்க் வெதுவெதுப்பாகவே இருந்தது. சில்லு கொதிக்கிறது, உலோகம் குளிர்ந்திருக்கிறது என்றால், இரண்டுக்கும் நடுவில் வழி இல்லை. உற்றுப் பார்த்தபோது, ஹீட் சிங்கைப் பலகையோடு பிணைக்கும் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று முழுவதும் இறங்காமல் ஒரு நூலளவு எழும்பி நின்றது. கழற்றியெடுத்தால், பசை மூன்று நாளான சந்தனம்போல் காய்ந்து வெடித்திருந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த பிசிறற்ற துணியால் இரண்டு பரப்பையும் துடைத்து, நடுவில் ஒரு பயறளவு புதுப் பசை வைத்து, ஊசிகளை எதிரெதிர் மூலையாக 'டக்' என்ற சத்தம் கேட்கும் வரை அழுத்தினோம். அதிகம் வைத்தால் அதிகம் குளிரும் என்று பசையை அப்பிவிடுவது பிசகு. தடிப்பான பசையும் ஒரு தடுப்புச் சுவரே. அதே பில்கள், அதே கால் மணி நேரம்: 71.

அறையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எந்த விசிறியும் சில்லை அறையைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது. அறையின் சூட்டுக்குமேல் எத்தனை டிகிரி என்பதை மாத்திரமே அது நிர்ணயிக்கிறது. 28 டிகிரி அறையில் 70 காட்டும் யந்திரம், அக்னி நட்சத்திர நாளில் 39 டிகிரி அறையில் அதே வேலைக்கு 81 காட்டும். மழைக்காலத்தில் ஓடிய யந்திரம் சித்திரையில் விழுவதற்கு இதற்குமேல் மர்மம் எதுவும் இல்லை. எங்கள் பழைய வீடுகளைக் கட்டியவர்கள் வாசலில் நுழைந்த காற்று முற்றத்தில் எழும்பிக் கொல்லைப்புறம் வழியே வெளியேறும்படி இடம் விட்டார்கள். பெட்டியும் முன்புறம் காற்றை வாங்கிப் பின்புறம் விடும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. அதைச் சுவரோடு ஒட்டி வைத்து, மேஜைக்குள் கதவடைத்து, ஓடும்போதே பூப்போட்ட உறையும் போட்டால், அது தன் மூச்சையே திரும்ப உள்ளிழுக்கும். பக்கத்துத் தகட்டைக் கழற்றி மேஜை விசிறியைத் திருப்பி வைப்பது ஒரு நாள் அவசரத்துக்கு உதவும். அதுவே வழக்கமானால் புழுதிக்கு விருந்து வைத்தது போலாகும்.

இனி என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். பழுது பார்க்க வந்தவர்களை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எண்ணைக் கவனித்து, விசிறியைக் கழற்றி, 'இது மாவுப் புழுதி, வேறொன்றும் பழுதில்லை' என்று உண்மையைச் சொல்லும் இளைஞனுக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? துடைத்ததற்கா இருநூறு ரூபாய் என்று பேரம் பேசுகிறோம். அதே மனிதர் புது மதர்போர்டைப் பொருத்தி ஐயாயிரத்துக்குச் சீட்டு எழுதினால் மறுபேச்சில்லாமல் எண்ணித் தருகிறோம். பொருளுக்கு விலை உண்டு, பார்த்து அறிவதற்கு விலை இல்லை என்று நாமே ஒரு சட்டம் விதித்துவிட்டு, பொருளையே மாற்றுகிறார்கள் என்று அங்கலாய்ப்பதில் அர்த்தம் இல்லை. வைத்தியருக்குக் கொடுப்பது போலப் பழுது பார்ப்பவருக்கும் பார்வைக் கூலி என்று ஒன்றைத் தனியாகக் கொடுக்க நாம் பழக வேண்டும். அதற்குப் பிரதியாக, வேலைக்கு முன் எத்தனை டிகிரி, வேலைக்குப் பின் எத்தனை டிகிரி என்ற இரண்டு எண்களைப் பில்லிலேயே எழுதித் தரும்படி உரிமையோடு கேட்க வேண்டும். இந்த இரண்டு எண்களும் இருந்தால், எதையும் அறியாத வீட்டுக்காரரும் செய்த வேலையின் தரத்தை எடைபோட முடியும். நேர்மையான தொழிலாளியும் தன் திறமையைக் கண்ணெதிரே நிரூபித்துக் காட்ட முடியும்.

மின்னணுக் கழிவைப் பற்றி 2022-ல் இயற்றப்பட்டு 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமலுக்கு வந்த மத்திய அரசின் விதிகள், கழிவைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளரின் தோளில் ஏற்றியிருக்கின்றன. நல்லது. ஆனால் ஒரு பிரஷ்ஷும் ஒரு துளிப் பசையும் காப்பாற்றியிருக்கக்கூடிய யந்திரம் கழிவாகப் பிறப்பதைத் தடுக்கும் பொறுப்பு நம்முடையது. பதினோராம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ்ஸும் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானும் கற்றுத் தேறும் நம் பிள்ளைகளுக்கு, வருஷத்தில் ஒரே ஒரு பிற்பகல் பெட்டியைத் திறந்து காட்டி, ஹீட் சிங்கைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தால் எவ்வளவு பிரயோஜனம்! ஆயுத பூஜைக்கு முதல் நாள் அரிவாளையும் தராசையும் தறியையும் பிரித்துத் துடைக்கிற ஊர் இது. அன்றைக்குக் கணிப்பொறிக்கு மட்டும் வெளித்தகட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்து நிறுத்திக்கொள்கிறோம். இ-சேவை மையங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் நூலகங்களும் அந்த ஒரு நாளையே உள்ளே திறந்து துடைக்கும் நாளாக வைத்துக்கொண்டால், சித்திரை வெயிலில் ஜாதிச் சான்றிதழுக்கும் பட்டா நகலுக்கும் வரிசையில் நிற்பவர்கள் 'சிஸ்டம் ஹேங்' என்ற பதிலைக் கேட்டுத் திரும்புவது வெகுவாகக் குறையும்.

கேஸ் சிலிண்டர் வந்த தேதியைத் தினசரிக் காலண்டரின் அட்டையில் குறித்துவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தத் தேதிகளுக்குக் கீழே மாமி இப்போது மாதம் ஓர் எண்ணையும் எழுதிவருகிறார். வைகாசியில் 71, ஆடிச் சாரலில் 65, ஐப்பசியில் 63, மார்கழியில் 61. மாசி பிறந்து வெயில் இன்னும் உறைக்கத் தொடங்காத ஒரு காலையில் 70 என்று கண்டதும், யாரையும் கேட்காமல், பேரனைக் கூப்பிட்டு விசிறியைக் கழற்றச் சொல்லியிருக்கிறார்.